பின்வேலிக்கு ஒரு மறைப்பு

அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பதற்கு வரி போட வேண்டும் என்று யாராவது சட்டம் கொண்டுவந்தால் நான் இரண்டு கையையும் தூக்குவேன். எங்கள் வீட்டுப் பின்வேலியில் நின்று பார்த்தவர்களிடம் மட்டும் வசூலித்திருந்தால்கூட இந்நேரம் ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பியிருப்பேன்.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்குப் போகிற சாலையில், ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் எங்கள் ஊர். வீட்டுக்கு முன்னால் தெரு. பின்னால் கொஞ்சம் இடம்: ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றி நெஞ்சு உயரத்துக்குக் கம்பி வேலி. வேலியை ஒட்டியே பால் சொசைட்டிக்குப் போகிற வழி. காலையும் மாலையும் பின்தெரு முழுக்கக் கேனைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் போகும். பல வருஷமாக அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. போகிற போக்கில் கறிவேப்பிலை கேட்பார்கள், நானும் ஒடித்துக் கொடுப்பேன்.

அக்கா வந்த பிறகுதான் அந்த வேலி எனக்கு எதிரியானது.

அக்கா வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தவள். கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தாள். மார்பில் கட்டி என்று தெரிந்து, வேலூரில் ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றத் தொடங்கியபோது நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். மருந்து ஏற ஏற முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. கடைசியில் அவளே மழித்துவிடச் சொல்லிவிட்டாள். மார்கழி மாதம். எங்கள் ஊர்க் குளிர் மலையிலிருந்து நேராக இறங்கி வரும்.

"முடி இல்லாத தலைக்குக் குளிரு மண்டைக்குள்ளயே எறங்குதுடி," என்றாள். துணி கட்டினால் அரித்தது. மருந்துக்குப் பிறகு அவள் தோல் அப்படி ஆகியிருந்தது. காலை வெயிலில் தலையைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டுக்கு வந்து அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

பின்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். முதல் நாள் அவள் முகத்தை வெயிலுக்குக் காட்டிக் கண்ணை மூடியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பால் நேரம் வரைக்கும்தான்.

முதலில் ஒருத்தி நின்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. நாக்கால் 'ச்சு' என்று ஒரு சத்தம் எழுப்புவார்களே, அது வேலி நெடுகக் கேட்டது. "எம்மாம் பெரிய ஜடை இருந்துச்சு இந்தம்மாவுக்கு!" என்று ஒருவர். "எத்தினியாவது ஸ்டேஜாம்?" என்று இன்னொருவர், என்னிடம்கூட இல்லை, பக்கத்தில் நின்றவரிடம். அக்காவுக்குக் காது போகவில்லை, முடிதான் போயிருந்தது. அது யாருக்கும் தோன்றவில்லை. இதில் எல்லாரையும் மிஞ்சியவள் பின்தெருக் கோடியில் இருக்கிற ஒருத்தி. மூன்று மாடு வைத்திருக்கிறாள். வாயும் அந்த அளவுக்கு உண்டு. கேனைக் கீழே வைத்தாள், இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள், பெங்களூரில் இருக்கிற மகளுக்கு வீடியோ போட்டு, "தோ பாரு, ஷூ கம்பெனி அக்கா, எப்டி ஆய்ட்டாங்க பாரு," என்று போனை வேலிக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

நான் கையில் கரண்டியோடு ஓடினேன். அதற்குள் அக்கா எழுந்து உள்ளே வந்துவிட்டாள். "வெயிலு போதும்டி," என்றாள். மறுநாள் அவள் பின்பக்கம் போகவில்லை. சமையலறை ஜன்னலோரம், அரிக்கிற துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, வெளியே கிடந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நேரில் கேட்டும் பார்த்தேன். "நாங்க இன்னா கண்ணால கடிச்சா துன்னுட்டோம்? பாவமேன்னுதானே பாக்குறோம்," என்றாள் மாட்டுக்காரி. பாவம் பார்க்கிறார்களாம். ஒரு நாள் ஒரு டம்ளர் கஞ்சியோடு எவளாவது முன்வாசல் வழியாக வந்தாளா?

மறைப்புக் கட்டுவது என்று முடிவெடுத்தேன். தகரம் அடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்கே காசு கரைந்த வீட்டில் தகரத்தைப் பற்றிப் பேச்செடுக்க முடியாது. வீட்டில் கிடப்பதை வைத்துத்தான் ஏதாவது செய்ய வேண்டும். பழைய புடவைகளைச் சேர்த்துத் தைத்து வேலியில் கட்டினேன். மலைக்காற்று ஒரே ராத்திரியில் அவிழ்த்து, ஒன்றை முருங்கைமேலும் ஒன்றை வழியிலும் போட்டது. வழியில் கிடந்ததைக் கொடுக்கிற சாக்கில் இரண்டு பேர் உள்ளேயே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்து, நாற்றங்காலுக்கு மேலே கட்டுகிற பச்சை வலை. தெரிந்தவர் ஒருவர் நிலத்தில் சும்மா சுருண்டு கிடந்தது. காற்றுக்கு நின்றது. பார்வைக்கு நிற்கவில்லை. அக்கா அதற்குப் பின்னால் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அவங்க எனக்குத் தெரியறாங்க, அப்ப நானும் தெரிவேன்தானே," என்றாள். தெரிந்தாள். புகைப்பட ஸ்டூடியோ கண்ணாடியில் எட்டிப் பார்ப்பதுபோல் வலையில் முகத்தை ஒட்டிக் கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்த்தார்கள். வெறும் வேலியாக இருந்தபோது போகிற போக்கில் பார்த்தவர்கள்கூட இப்போது நின்று பார்த்தார்கள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் பந்தல் போடுகிற சிநேகிதரிடமிருந்து ஒரு பெரிய பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஃபிளெக்ஸ் பேனர் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் அடிப்பார்கள். விசேஷம் முடிந்ததும் அது மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகும், நெல்லுக்குப் போர்வையாகும். மழைக்கும் வெயிலுக்கும் அசையாது, ஊசி முனைக்குக்கூட வெளிச்சம் விடாது.

"காசு வேணாம்னுட்டான். நல்லா கெட்டி," என்று பெருமையாகப் பிரித்தார். கண்ணீர் அஞ்சலி என்று ஒரு முழ உயரத்துக்கு எழுத்து. கீழே முறுக்கிய மீசையோடு முன்பின் தெரியாத ஒரு பெரியவர். ஓரத்தில் எரிகிற விளக்கு. அடியில் துக்கத்தில் பங்கேற்போர் வரிசையாக, அதில் ஒருவர் கூலிங்கிளாசோடு.

"இன்னா மனுசன்யா நீ!" என்று கத்தினேன். "ஒடம்பு சரியில்லாதவங்க இருக்கற வூட்டுக்கு எத கொண்டாற? வேற ஒண்ணுமே கெடைக்கலயா ஒனக்கு?"

"எழுத்த யாரு பாத்தா? சைஸத்தான் பாத்தேன்," என்றார் அவர். உண்மையிலேயே பார்த்திருக்க மாட்டார். அவர் அப்படித்தான்.

சத்தம் கேட்டு அக்கா எழுந்து வந்தாள். பேனரைப் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் அந்த மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்ல ஆளாத்தான் தெரியறாரு. கட்டுங்க மாப்ள," என்றாள்.

"அய்யோ, வேணாங்க்கா. உள்பக்கம் வெச்சா நீ தெனம் அந்த எழுத்தையே பாக்கணும்."

"அப்ப வெளிப்பக்கமா வெச்சுக் கட்டு. நான் வெள்ளையப் பாத்துக்கினு குந்திக்கறேன். அங்க நிக்கறவங்களுக்கும் பாக்கறதுக்கு ஒண்ணு வேணும்ல?"

நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. சாயங்காலப் பால் நேரம் முடிந்ததும் கம்பங்களை உயர்த்தி, மூலைக்கு மூலை கட்டுக்கம்பி போட்டு இறுக்கினோம். உள்ளே நின்று பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெள்ளையாக இருந்தது.

மறுநாள் காலை நல்ல பனி. வெயில் எட்டிப் பார்த்ததுமே அக்கா தலைத்துணியை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். நான் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பின்வழியில் யாரும் நிற்கிற சத்தம் இல்லை. வழக்கத்தைவிட வேகமாக ஓடுகிற சத்தம்தான் கேட்டது. நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் முன்வாசலில் ஒப்பாரி எழுந்தது.

"என் ராசாத்தி! வெயிலுக்கு வந்து குந்துனியே! யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டியே!"

ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். எனக்குத் தெரியாமல், வெயிலில் உட்கார்ந்தபடியே போய்விட்டாளா? தேங்காய் மூடி எங்கே விழுந்தது என்று தெரியாது. பின்பக்கம் ஓடினேன். அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். வெறுந்தலையில் வெயில். நான் கத்த வாயெடுக்கும்போது ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"யாருடி செத்தது?"

"நீதாங்க்கா," என்றேன். தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அந்த வெள்ளை மறைப்பைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பயந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் போன இடத்தில் கோபம் வந்து நின்றது. முன்வாசலுக்குப் போனேன். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மாட்டுக்காரி, அவள் பின்னால் பாதித் தெரு, ஒருவர் கையில் ரோஜா மாலை.

"நிறுத்துங்க! யாரு சொன்னது எங்கக்கா செத்துட்டாங்கன்னு?"

"சொசைட்டில எல்லாம் பேசிக்கறாங்களே. பின்னால பேனரு கட்டிகீதே!"

"பேனர்ல கீறது ஆம்பளம்மா! மீசை கீது! எங்கக்காவுக்கு மீசையா கீது?"

"பனில மூஞ்சி எங்க தெரிஞ்சுது? எழுத்துதான் தெரிஞ்சுது," என்றாள்.

வலை ஓட்டைக்குள் கண்ணை விட்டு எங்கள் அக்காவின் தலையில் வடு இருக்கிறதா என்று பார்த்த கண்ணுக்கு, குடை அளவு முகத்தில் இருக்கிற மீசை தெரியவில்லை. ஆனால் என்னை உண்மையில் எரித்தது அதுவல்ல. வந்தவர்களில் ஒருவர்கூட எப்படி, எப்போது என்று கேட்கவில்லை. ஒரு முகத்திலும் திடுக்கிடல் இல்லை. எப்போதோ மனதுக்குள் அவளை எடுத்துக்கொண்டு போய்விட்டவர்கள், இன்று எடுக்கிற நேரம் மட்டும் கேட்டுக்கொண்டு போக வந்திருந்தார்கள். மாலைக்காரர் வேறு, உயிரோடு இருக்கிறாள் என்று கேட்ட பிறகும் நகராமல், "மாலை வாங்கியாச்சே, இத இன்னா பண்றது?" என்று என்னையே கேட்டார்.

நான் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். எழுத முடியாததும் அதில் உண்டு. அவர்கள் தலை குனிந்தார்கள். ஆனாலும் போகவில்லை. மாட்டுக்காரி மூக்கைச் சிந்திவிட்டு, "ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டுப் போய்ட்றேனே," என்று பின்பக்கம் போக அடியெடுத்து வைத்தாள்.

நடைவாசலில் குறுக்கே கையை நீட்டி நின்றேன். "பாக்கக் கூடாது. செத்தா பாக்கலாம். உசுரோட கீறவங்கள ஒருத்தரும் பாக்கக் கூடாது."

அப்போது பின்பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. ஷூ கம்பெனியில் அத்தனை மெஷின் சத்தத்தில் பேசிப் பழகிய குரல். வியாதி அதைத் தொடவேயில்லை.

"அந்த மாலைய அந்தப் பெரியவருக்கே போட்டுட்டுப் போங்கப்பா! பாவம், ராத்திரி பூரா பனில நின்னுக்கினு என்ன மறைச்சிட்டு கீறாரு!"

கூட்டம் தெருவைச் சுற்றிப் பின்வழிக்குப் போனது. நான் உள்ளே நின்றே கேட்டேன். கம்பியில் மாலையை மாட்டுகிற சத்தம். எழுத்தைப் பார்த்துவிட்டு ஓடியவர்கள், அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

பேனரை அவிழ்க்கலாம் என்று நான் சொன்னதற்கு அக்கா சம்மதிக்கவில்லை. மாலை காய்ந்து நாராகும் வரைக்கும் தொங்கியது. தினமும் வெயில் வந்ததும் அவள் தலையைத் திறந்துகொண்டு போய் உட்கார்ந்தாள். வழியில் போகிறவர்கள் போனார்கள். எட்டிப் பார்க்க வழியில்லை. எனக்குக் கோபம் மட்டும் ஆறவில்லை. கறிவேப்பிலை கேட்டவர்களிடம் செடி பட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு காலை, வேலிக்கு அந்தப் பக்கம் கேனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். மாட்டுக்காரியின் இருமல் எனக்குத் தெரியாதா? ஓட்டை தேடுகிறாள் என்று துணியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"அக்கா," என்று குரல் வந்தது. கொஞ்சம் தயங்கி, "வெயிலு வந்துச்சா அங்க?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"வந்துச்சு. நீ போ, பாலுக்கு நேரமாவுது," என்றாள் மறைப்பைப் பார்த்து.

கேனைத் தூக்குகிற சத்தம் கேட்டது. அது தூரப் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அவகிட்ட போய் இன்னாக்கா பேச்சு?" என்று சீறினேன்.

அக்கா முகத்தை மறுபடி வெயிலுக்குத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேக்கத்தானேடி செஞ்சா? பாக்கலயே. கேட்டுட்டுப் போவட்டும், வுடு."