நிறம் பூசாத மாடி

பாலாவிச் சந்தியில் உப்பு மூட்டை ஏற்றி இறக்கியவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று என் பெயரில் இரண்டு லொறி ஓடுகிறது. குறிஞ்சிப்பிட்டியில் என் வீட்டைப் போல உறுதியான வீடு இன்னொன்று இருந்தால் காட்டுங்கள். யாரும் தூக்கித் தந்ததில்லை. இதையெல்லாம்விடப் பெரிய பெருமை, என் ஒரே மகள் டீச்சர். ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறாள்.

எங்கள் பக்கம் வீடு மகளுக்குத்தான். மருமகன் கத்தாரில் வேலை, லீவில் வந்து போகிறவர். அவர்கள் இருவருக்கும் என்று வீட்டுக்கு மேலே மாடி கட்டினேன். நிறம் பூசுவது மட்டும்தான் மிச்சம். எந்த நிறம் என்று கேட்டால் மகள், "பொறகு சொல்றன் வாப்பா" என்பாள். படித்த பிள்ளை, யோசித்துத்தான் சொல்லும் என்று மேசன்மாரிடம் பெருமையடித்தேன்.

பிறந்தநாள் கொண்டாடுவது எங்கள் வீட்டுப் பழக்கமில்லை. என் பிறந்த தேதியே யாரோ ஒரு கிளாக்கர் உத்தேசமாகப் போட்டது. ஆனால் போன வருடம் வகுப்புப் பிள்ளைகள், டீச்சரின் பிறந்தநாளுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கேக்கோடு வருகிறோம் என்றார்கள். என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வெறும் கேக்கா? பெற்றாரையும் அழைத்து, நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில் சோறு வைக்க ஏற்பாடு செய்தேன்.

சனிக்கிழமை காலை மகளுக்கு மேலதிக வகுப்பு, பின்னேரம் முந்தலில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனாள். நான் கிடாய் பிடிக்கவும் கதிரை இறக்கவும் ஓடிக்கொண்டிருந்தேன். இரவு திரும்பியதும், "வாப்பா, உங்களோட கொஞ்சம் கதைக்கணும்" என்று வந்தாள்.

"நாளைக்குக் கதைப்பம் மகள். இப்ப எனக்கு நிக்க நேரமில்ல."

ஞாயிறு கேக் வெட்டியதும் பிள்ளைகள் சேர்ந்து வாங்கிய பரிசைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சில்லு வைத்த பெரிய பயணப்பெட்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன புள்ளைகள், டீச்சர வீட்ட விட்டுத் தொரத்தப் போறீங்களா?"

"இல்ல, கத்தாருக்குக் கொண்டு போக" என்றாள் ஒரு சிறுமி. "டீச்சர் அங்க படிப்பிக்கப் போறாங்க தானே."

பெற்றார் தரையைப் பார்த்தார்கள். என் மனைவி சட்டென்று சமையல் பக்கம் திரும்பினாள். எனக்கு மட்டும்தான் தெரியாது.

"ஓம், ஓம், தெரியும்! உங்களுக்குத் தெரியுமாண்டு பார்த்தன்" என்றேன்.

சஹன்களை வைத்தார்கள். நான் எதிலும் உட்காரவில்லை. இறைச்சியை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டே திரிந்தேன். என்னோடு மூட்டை தூக்கிய பழைய கூட்டாளி கேட்டான்: "அப்ப மாடி வாடகைக்கா?"

"என்ட மகள்ற மாடிய வாடகைக்கு விடுற அளவுக்கு நான் இன்னும் விழல்ல டா."

எல்லோரும் போன பிறகு, நான் நின்றிருந்த மாடிக்கு மகள் வந்தாள்.

"ஏன் மகள் என்னட்ட சொல்லல்ல?"

"சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் மேல வந்தன் வாப்பா. நீங்க செவரத் தட்டித் தட்டி, பேரப்புள்ளைகள் காலத்துக்கும் நிக்கும்ண்டு சொல்லிட்டு நின்டீங்க. எனக்கு வாய் வரல்ல."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அஞ்சு வருஷம் லீவு எடுத்திரிக்கன். அவரும் எவ்வளவு காலம் தனிய இருப்பாரு?"

நியாயமான கதை. சண்டை பிடிக்கக்கூட வழியில்லை.

"நிறத்தையாவது சொல்லிட்டுப் போ மகள்."

சால்வை நுனியால் முகத்தைத் துடைத்தாள். "நீங்க விரும்புறதப் பூசுங்க வாப்பா."

அவள் போய் மாதங்கள் ஆகின்றன. வெள்ளிக்கிழமைகளில் போனில் வருவாள். சாப்பாடு, மருந்து எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் கேட்பாள்: "மாடிக்குப் பூசிட்டீங்களா?"

"இங்க சரியான மழை மகள். செவரு காயட்டும்."

எங்கள் பக்கம் மழை பெய்து எவ்வளவோ காலமாகிறது.