தம்பி வயிற்றில் தடவிய எண்ணெய்

என் தம்பி தானாக இருமிவிடக் கூடாது என்று நான் எண்ணெய் தடவினேன். தெரிந்தேதான் தடவினேன்.

நீங்கள் என்ன நினைப்பீர்களோ... சொல்லிவிடுகிறேன்.

நான் கீரிப்பாறையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. சுனாமிக்குச் சில வருடங்கள் கழித்து, தம்பி செல்வன் பலா மரத்திலிருந்து விழுந்தான். கழுத்தில் தண்டுவடம் நசுங்கிப்போனது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கைகளைக் கொஞ்சம் தூக்குவான், அவ்வளவுதான்.

இருமுவதற்கு வயிற்றுத் தசை வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனால் இரும முடியவில்லை. சளி கட்டினால் மூச்சு அடைக்கும்.

ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்தார்கள். அவன் மூச்சை இழுத்ததும், தொப்புளுக்கு மேலே உள்ளங்கைகளை வைத்து மேல்நோக்கி அமுக்கினால் இருமல் வரும். அவன் மனைவி மேரிக்கு அது கைவரவில்லை. எனக்கு வந்தது. மரம் காயப்படாமல் பட்டையை வெட்டிப் பழகிய கை அல்லவா!

"செல்வனுக்க இருமலு அண்ணனுக்க கையிலயாக்கும்" என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். அதுவரை என் பெயரே தெரியாதவர்கள். எத்தனை பெருமை எனக்கு...

பிறகு பிசியோதெரபி மேடம் ஒரு சின்ன மிஷின் கொண்டுவந்தார். வயிற்றின் இரு பக்கமும் வயர் வைத்த பேடு ஒட்ட வேண்டும். மூச்சை இழுத்ததும் சுவிட்சைத் தட்டினால் கரண்டு போய்த் தசை இறுகும், இருமல் வரும். சுவிட்சைச் செல்வனே மணிக்கட்டால் தட்டலாம்.

"இனி இருமதுக்கும் கரண்டு பில்லு கெட்டணுமா மேடம்?" என்று அவன் சிரித்தான்.

மறுநாள் பேடு ஒட்டவில்லை, மிஷின் வேலை செய்யவில்லை. குளிப்பாட்டியதும் அவனுக்கு உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தேய்ப்பது என் வழக்கம். அடுத்த முறை வந்த மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார். "வயித்துல மட்டும் எண்ணெய் வேண்டாம். காஞ்ச தோல்லதான் பேடு பிடிக்கும்" என்றார். தலையாட்டினேன்.

அதன் பிறகும் தடவினேன். மெல்லிசாக. உணர்ச்சி இல்லாத வயிற்றுக்கு எப்படித் தெரியும்?

"அண்ணே, மிஷின் பிடிக்கலியே."

"விடு மக்கா. நான் இருக்கம்லா."

ஒருநாள் நல்ல மழை. எஸ்டேட் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அவனுக்குக் காலையிலேயே சளி. நடந்தேன், ஓடினேன். வாசலை எட்டியபோது உள்ளேயிருந்து ஓர் இருமல் சத்தம்... என் கை இல்லாமல்!

மேரி ஈரத் துண்டோடு நின்றாள். "மூச்சு முட்டி உதடு நீலமாப் போச்சு அத்தான். பேடு வழுக்கிச்சு. வயித்த சோப்பு போட்டுக் கழுவித் தொடச்ச பொறவுதான் ஒட்டிச்சு."

"அண்ணே, கேட்டியா? நானாக்கும் இருமுனேன்" என்றான் செல்வன்.

அவள் கழுவியிராவிட்டால்? கொன்றவன் நானாகியிருப்பேன்.

ஆனால் அந்த நேரத்திலும் பெருமையில்தான் என் கண் நிறைந்தது. ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கும் இருமல், என் தம்பியுடையது.

அவன் வயிற்றில் எண்ணெய் தடவுவதை அன்றோடு விட்டேன்; ஏன் தடவினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மேரி சொன்னது செல்வன் காதிலும் விழுந்தது. அவனும் எதுவும் கேட்கவில்லை.

இன்றைக்கும் மிஷின் அவன் பக்கத்திலேயே இருக்கிறது. நான் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால், சுவிட்சிலிருந்து மணிக்கட்டை நகர்த்திக்கொள்கிறான்.

"ஒண்ணு அமுக்குண்ணே."

எண்ணெய் விஷயம் தெரிந்துதான் சொல்கிறானா? கேட்கத் தைரியம் இல்லை. அமுக்குகிறேன். இருமல் கணீரென்று வருகிறது. இப்போதும் எனக்கு முதலில் வருவது பெருமைதான்... அதற்குப் பிறகு வருவது அந்த நீல உதடு, அது போக மாட்டேன் என்கிறது.