மூடியில் ஒரு கீறல்

அக்காவுக்குத் திரை தேவையில்லை, ஆகவே திரை எனக்குத்தான். மடிக்கணினி வாங்குவதென்று வீட்டில் முடிவானதும் நான் மனத்துக்குள் இப்படித்தான் பங்கு பிரித்து வைத்துக்கொண்டேன். பத்து வயதுச் சிறுமியான எனக்கு இருந்த மூளை அவ்வளவுதான். கனடாவில் இருந்த மாமா வாங்கித் தருவதாகச் சொன்ன நாளிலிருந்து, அதில் என்னென்ன படம் வரைவேன், என்னென்ன விளையாடுவேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அது அக்காவுக்கு வாங்குவது என்பதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவளுடைய பதினாறாவது வயதில் வந்த ஒரு காய்ச்சல் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு அப்போது நாலு வயது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளை அப்படியே கண்டு வளர்ந்ததால், அதில் துக்கப்பட என்ன இருக்கிறது என்றே எனக்கு விளங்கியதில்லை. பருத்தித்துறையில் எங்கள் வீட்டில் பயறில் கல் பொறுக்குவது அவள்தான். சுளகில் பயறைப் பரப்பி விரல்களை ஓடவிடுவாள். அம்மா பொறுக்கினால் பல்லில் ஒரு கல்லாவது கடிபடும். அக்கா பொறுக்கினால் படாது.

கண் தெரியாதவர்களுக்கு யாழ்ப்பாணம் டவுனில் நடந்த ஒரு வகுப்புக்கு இரண்டு வருடம் பஸ்ஸில் போய்வந்தாள். அங்கேதான் கணினி பழகினாள். திரையில் இருப்பதை ஒரு குரல் வாசித்துச் சொல்லும், விரல் விசைகளில் இருக்கும், மவுசுக்கு வேலையே இல்லை. கொழும்பில் ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்புச் செய்ய ஆள் எடுக்கிறது, அதற்கு இணையத்தில் இரண்டு மணி நேரப் பரீட்சை ஒன்று வைப்பார்கள் என்று அந்த வகுப்பில்தான் கேள்விப்பட்டாள். அவளுக்கு ஆங்கிலமும் தமிழும் தண்ணீர்பட்ட பாடு. குறை ஒரு சொந்தக் கணினிதான்.

"இது கிடைச்சிட்டுதெண்டால் நான் ஒருத்தருக்கும் பாரமில்லை, அம்மா," என்று குசினிக்குள் நின்று சொன்னாள். அம்மா அடுப்பை ஊதினாள்.

அப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். பள்ளிக்கூட வாத்தியார். எதைப் பொறுத்தாலும் பொய்யைப் பொறுக்கமாட்டார். கணினி வாங்கக் கடைக்குப் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான், கணக்கில் நான் எடுத்த நாற்பத்தொன்றைத் தொண்ணூற்றொன்றாக மாற்றி அவரிடமே கையெழுத்துக்கு நீட்டியிருந்தேன். ஒரு வாத்தியாரிடம்! பூவரசம் தடி முறியும் வரைக்கும் அடித்தார். அடுத்த அறையிலிருந்து அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து நடுவில் விழுந்தாள். ஒரு அடி அவளுடைய முழங்கையிலும் பட்டது.

"இன்னொருக்காப் பொய் சொன்னியோ, தோலை உரிச்சுப் போடுவன்," என்றார் அப்பா. சொன்னால் செய்வார் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

டவுனில் அந்தக் கடைக்குப் போனது ஒரு சனிக்கிழமை. கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் அக்காவுக்கு வேண்டியதையெல்லாம் அப்பாவிடமே கேட்டார்.

"தங்கச்சிக்கு என்ன கலர் பிடிக்கும், சேர்?"

"எனக்கு எந்தக் கலரும் ஒண்டுதான், அண்ணை. கீபோர்ட்டைத்தான் ஒருக்காப் பாக்கவேணும்," என்றாள் அக்கா.

கடைசியில் இரண்டு கணினிகள் மேசையில் எஞ்சின. விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று தடித்த கறுப்புச் சாமான், பார்க்க இரும்புப் பெட்டி போல இருந்தது. மற்றது மெல்லிசு, வெள்ளி நிறம். அதன் விசைகளுக்கு அடியில் நீல வெளிச்சம் எரிந்தது, திரையை விரலால் தொட்டே படம் வரையலாம். கடைக்காரர் தொட்டுக் காட்டியபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் குரல் அதில் இருந்தது. இரண்டிலும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் காதைக் கிட்டே வைத்துக் கேட்டாள். தொண்டை கட்டியவன் போல அந்தக் குரல் படபடவென்று கதைக்க, கடைக்கு வந்திருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா அதையெல்லாம் சட்டை செய்யாமல் ஒவ்வொரு விசையாகத் தடவிக்கொண்டு போனாள்.

"தடிச்சதுதான் எனக்குச் சரி," என்றாள் பிறகு. "குரலுக்கு வேண்டிய இன்சேர்ட் பட்டன் தனியா இருக்கு, சத்தமும் வடிவாக் கேக்குது. மெல்லிசிலை அணைக்கிற பட்டன் டிலீட்டுக்குப் பக்கத்திலை கிடக்கு. அவசரத்திலை மாறிப்போய் அமத்தினால் என்ரை பாடு முடிஞ்சுது."

இவ்வளவு தெளிவாகச் சொன்னாள். பக்கத்தில் நின்று நானும் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ தெரிந்தவர் கூப்பிட, அப்பா வெளியே போனார். கடைக்காரர் வேறொருவருக்கு வயர் எடுக்க உள்ளே போனார். மேசையடியில் நானும் அக்காவும் மட்டும். நீல வெளிச்சம் கையைவிட்டுப் போகப்போகிறது. நான் எட்டி அவளுடைய காதுக்குள் சொன்னேன்:

"அக்கா, தடிச்சதின்ரை மூடியிலை பெரிய கீறல் கிடக்கு. பழசைத் துடைச்சு வச்சு விக்கப் பாக்கினம் போலை."

அதைக் கண்ணால்தான் காணமுடியும், கண் என்னிடம்தான் இருக்கிறது என்று அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

அக்கா தடித்ததின் மூடியைச் சாத்தி, அதன்மேல் விரல்களை வைத்து மெதுவாக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் கொண்டுபோனாள். திரும்பக் கொண்டுவந்தாள். அவள் முகம் என் பக்கம் திரும்பியது.

"கீறல் எங்கை, குஞ்சு?"

"நடுவிலை," என்றேன்.

"என்னது, கீறலோ? ஆர் சொன்னது?" என்று கேட்டபடி அப்பா உள்ளே வந்தார். "எங்கை, காட்டு பாப்பம்."

அவர் ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும். அக்கா தன் உள்ளங்கையை விரித்து மூடியின் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்டுமில்லை, அப்பா. நாங்கள் சும்மா கதைச்சனாங்கள். எனக்கு அந்த மெல்லிசுதான் பிடிச்சிருக்கு. அதையே எடுப்பம்."

"இப்பத்தானே அது சரிவராதெண்டாய்?"

"பழகியிடும், அப்பா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணினிப் பெட்டியை நான்தான் மடியில் வைத்திருந்தேன். நான் தப்பிவிட்டேன் என்ற சந்தோசத்தில் வல்லைவெளிக் காற்றை வாயைத் திறந்து குடித்துக்கொண்டு வந்தேன்.

அம்மா அதைச் சாமியறையில் வைத்து மூடிக்குச் சந்தனப்பொட்டு வைத்தாள். அக்கா அடுத்த நாளே பழகத் தொடங்கினாள். விசைகளில் தடவி அறியும் அடையாளம் போதாமல் இருந்ததால் நகப்பூச்சை எடுத்து எஃப்பிலும் ஜேயிலும் ஒவ்வொரு சொட்டு வைக்கச் சொன்னாள். வைத்தேன். "அணைக்கிற பட்டனிலையும் ஒண்டு வை, குஞ்சு. பெரிசா வை," என்றாள். அதையும் வைத்தேன். அப்படியும் இரண்டு தரம் விரல் தவறிக் கணினி அணைந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள். குரலும் சில நேரம் தானாகவே நின்றுவிடும். அதற்கு ஏதோ மூன்று விசைகளைச் சேர்த்து அமத்தி அதைத் திரும்ப எழுப்புவாள்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. அக்கா திரையை எப்போதும் இருட்டாக்கியே வைத்திருந்தாள். தனக்கு வெளிச்சம் எதற்கு, சார்ஜ்தான் வீண், தான் எழுதுவதை மற்றவர்கள் எட்டிப் பார்க்கவும் தேவையில்லை என்பாள். என்னுடைய திரை கறுப்பாகக் கிடந்தது.

பரீட்சை நாளன்று நானும் அப்பாவும் பள்ளிக்கூடத்தில். அம்மாதான் பக்கத்தில் இருந்தாள். பின்னேரம் நான் வந்தபோது அக்கா மேசைக்கு முன்னால் கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள். நடந்ததை அம்மா அழுதழுது சொன்னாள்.

பாதி எழுதி முடிக்கும் வரைக்கும் எல்லாம் நன்றாகவே போயிருக்கிறது. திடீரென்று குரல் நின்றுவிட்டது.

"அம்மா, திரையிலை ஏதும் தெரியுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

"இல்லைப் பிள்ளை. எப்பவும் போலைக் கறுப்பாத்தான் கிடக்கு."

அம்மாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்தத் திரையை அவள் வேறு நிறத்தில் கண்டதில்லை. அக்காவும் குரல் மட்டும்தான் போய்விட்டது என்று நினைத்து, அதை எழுப்புகிற விசைகளை அமத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். அமத்தி அமத்திப் பார்த்துக் கடைசியில் அந்தப் பெரிய நகப்பூச்சுச் சொட்டில் விரல் பட்டபோதுதான் விசயம் விளங்கியது. டிலீட் என்று நினைத்து அதைத்தான் அமத்தியிருந்தாள். கணினியே அணைந்து கிடந்திருக்கிறது. திரும்பத் தொடக்கிப் பரீட்சைக்குள் போக, நேரம் முடிந்துவிட்டது என்று அந்தக் குரல் ஆங்கிலத்தில் வாசித்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. "என்ன பிள்ளை சொல்லுது, வந்திட்டுதோ?" என்று ஆசையோடு கேட்டாளாம்.

அப்பா வந்ததும் வீடு அதிர்ந்தது. "கடையிலை மற்றதைத்தானே கேட்டனி? பிறகேன் இதைத் தூக்கினனீ? ஆர் சொல்லி எடுத்தது?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை, அப்பா. நான்தான் எடுத்தனான். என்ரை பிழை."

அந்த நிறுவனத்துக்கு அப்பா இரண்டு கடிதம் போட்டார். பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அக்கா எந்தப் பரீட்சைக்கும் விண்ணப்பிக்கவில்லை. ஒரு கிழமை கழித்து என்னைக் கூப்பிட்டு, "இந்தா குஞ்சு, நீ வைச்சு விளையாடு," என்று கணினியைத் தந்தாள். திரையை வெளிச்சமாக்கத் தெரியாமல் நான் முழிக்க, அவளே இரண்டு விசைகளை அமத்தி வெளிச்சமாக்கிவிட்டாள். நான் வீடு ஒன்று வரைந்தேன், பக்கத்தில் கடல், கடலில் படகு. வெட்கமில்லாமல் அதை அவளிடம் விபரித்தும் சொன்னேன். "நல்ல வடிவா இருக்கும்," என்றாள்.

இப்போது நான் கொழும்பில் வேலை செய்கிறேன். அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறாள். போன மாதம் போயிருந்தபோது என் புதுக் கைப்பேசியை அவளுடைய கையில் கொடுத்தேன். முன்னும் பின்னும் ஒருமுறை தடவினாள்.

"முதுகிலை கீறல் விழுந்திருக்கே, குஞ்சு. எங்கை உரசினனீ?"

"இல்லையே," என்று வாங்கி ஜன்னலடியில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். மயிரளவில் ஒரு கோடு இருந்தது. நான் அதுவரைக்கும் கண்டதேயில்லை.

அக்கா பயற்றுச் சுளகை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அன்று நான் சொன்னது பொய்யென்று தெரியுமா என்று அவளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கவும் ஒன்றுமில்லை. அந்த மூடியில் விரல்கள் போய்த் திரும்பி வந்ததையும், அப்பா வந்ததும் உள்ளங்கை விரிந்ததையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே. பார்த்துவிட்டு, அக்கா என்னை நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.