அறுபத்தொரு கிலோ

செவிலிமேட்டில் ஒருத்தன் வீட்டு வாசலிலேயே ஏரோப்ளேன் கட்டுகிறானாம். பொண்டாட்டியின் பட்டுப்புடவைகளைக் கிழித்து இறக்கை தைத்திருக்கிறானாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முசரவாக்கம் ஏரியில் பறக்கப்போகிறானாம். டவுன் பஸ்ஸில் ஒருத்தி, மச்சான் சொன்னதாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பொண்டாட்டி பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

புடவைப் பொய்யை மரியம்மாள் பொருட்படுத்தவில்லை. இறக்கை வெறும் காடாத்துணி, தைத்ததே அவள்தான். பிள்ளையார்பாளையத்தில் இருபது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள். துணி விறைப்பாக நிற்க, தறிக்காரர்கள் பாவு நூலுக்குப் போடுவதுபோல் அரிசிக்கஞ்சி போட்டதும் அவள் யோசனை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்பது அவளுக்கே புதுச்செய்தி. முதல் தடவை பறக்கும்போது விமானத்தின் பின்சீட்டில் அவள்தான் என்று வீட்டில் பேச்சு.

“சொல்லாம பறந்துடலாம்னு பார்த்தியா?”

வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே புருஷன் சிட்டிபாபு சொன்னான்: “வேல்முருகன் நாப்பத்தெட்டு கிலோ. நீ அறுபத்தொண்ணு. உள்ள இருக்கறது பைக் என்ஜின் மரியா.”

“அப்ப நான் என்ன, ஜல்லி லோடா?”

பக்கத்து லேத் பட்டறை வேல்முருகன் பணிவாக நெளிந்தான். “அண்ணி, நான் ஒரு வாரமா ராத்திரி சாப்பாடே சாப்பிடல.”

ஞாயிறு காலை அவளும் போனாள், தையல் பையோடு. வறண்ட ஏரியில் விமானத்தை நிறுத்திவிட்டு மூவரும் கரைக்கடையில் டீ குடித்தார்கள். திரும்பிவந்தபோது நான்கு ஆடுகள் இடது இறக்கையில் பந்தியில் உட்கார்ந்ததுபோல் மும்முரமாக இருந்தன. கஞ்சி ருசி. தாம்பாளம் அகலத்துக்கு ஓட்டை.

சிட்டிபாபு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். கஞ்சி யார் யோசனை என்று யாரும் கேட்பதற்குள் மரியம்மாள் பையைத் திறந்தாள். உள்ளே வாடிக்கைக்காரி தேவிப்ரியாவின் கிளிப்பச்சை ஜாக்கெட் துணி, ஊசி, நூல்.

“தச்சுக் குடு மரியா.”

“பின்சீட்டு யாருக்கு?”

“வெயிட்டு...”

“ஊசி என் கையில இருக்குதுபா.”

சிட்டிபாபு வேல்முருகனைப் பார்த்தான். வேல்முருகன் ஆடுகளைப் பார்த்தான். பிறகு எடை குறைய, அவனே ரப்பர் குழாய் போட்டுப் பெட்ரோலில் பாதியை இறக்கினான். “பத்து நிமிஷத்துக்கு இது போதும்ணே. நான் போய் இட்லி சாப்பிடறேன்.”

கிளிப்பச்சை ஒட்டோடு விமானம் ஓடியது. குதித்தது, மறுபடி தரையைத் தொட்டது, இன்னொரு தடவை குதித்தது. மூன்றாவது குதிப்புக்குப் பிறகு தரை வரவே இல்லை. மரியம்மாள் எட்டிப்பார்த்தாள். கருவேலமரங்கள் கொத்தமல்லிக்கட்டுபோல் கிடந்தன. ஆடுகள் அண்ணாந்து பார்த்தன. வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி, நிறுத்த முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது.

“பயமா இருக்குதா?” என்று முன்னாலிருந்து கத்தினான்.

“இன்னும் கொஞ்சம் மேல போயேன்!”

அப்போது மடியிலிருந்த பைக்குள் போன் அதிர்ந்தது. குவைத்திலிருந்து மகள் ஷாரோன். ஞாயிறு தவறாமல் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். “அப்பாவ மட்டும் அதுல ஏற விட்டுடாதம்மா” என்பதுதான் அவள் வாராவாரம் சொல்வது. மரியம்மாளின் இரண்டு கையும் சீட்டுக்கு முன்னாலிருந்த இரும்புக் குழாயைப் பிடித்திருந்தன. ஒன்றையாவது விடலாமா என்று யோசித்தாள். சிட்டிபாபு கோயில் கோபுரங்கள் இருந்த பக்கம் விமானத்தைச் சாய்த்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது.