எட்டு ஓட்டைக்கு ஒரு பவர் சப்ளை

பூண்டுத் தோலையும் பிளாஸ்டிக் பையையும் சேர்த்துக் கொளுத்தினால் வருகிற நாற்றம் அது. நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், தா.பழூர் கடைத்தெருவில் அம்மா நடத்திவந்த கம்ப்யூட்டர் கடைக்குள் ஒரு காலை ‘டப்’பென்ற சத்தத்தோடு எழுந்து, மின்விசிறிக் காற்றில் சுழன்று, சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்து உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் தெருவுக்கு விரட்டியது.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே அறை, ஒரே கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். திருச்சியில் ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட, பெரிய கம்பெனியின் பெயர் பொறித்த, ஒல்லியான கறுப்புப் ‘பொட்டி’யை அம்மா தேடிப் பிடித்து வாங்கி வந்திருந்தாள். அம்மாயியும் தாத்தாவும் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள்; அவர்கள் பெற்ற அம்மாவோ டைப்ரைட்டிங் ‘ஹையர்’ பாஸ் செய்து, ஊருக்கே மனு அடித்துக் கொடுப்பவள் ஆனாள். அறையின் சொந்தக்காரருக்கு இது உள்ளூரப் பிடிக்கவில்லை. அவர் மச்சினன் வேறு செல்போன் கடை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் புகைந்த மறுநாளே வாசலில் வந்து நின்று, “பூட்டிக் கெடக்குற எடத்த சும்மா வச்சிருக்க முடியாதும்மா. பத்து நாள் பாப்பேன், அப்பறம் மச்சினனுக்குக் குடுத்துடுவேன்” என்றார். போகிற போக்கில், “நாத்து நட்ட கைக்கு இந்தப் பொட்டியெல்லாம் எதுக்கு” என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். அந்த வார்த்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

போனது ‘எஸ்.எம்.பி.எஸ்.’ என்றார் உள்ளூர் எலெக்ட்ரீஷியன் அண்ணன். வீட்டுக் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி குறைத்துப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. எங்கும் கிடைக்கிற சாதாரணப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் வயர் முனையில் இருபத்துநான்கு பல். அது செருக வேண்டிய எங்கள் கம்ப்யூட்டரின் போர்டில் இருந்ததோ எட்டே ஓட்டை. அண்ணன் அசரவில்லை. சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்து, “எட்டு பல்ல விட்டுட்டு மீதியச் சீவிடலாம்க்கா, உள்ள போயிடும்” என்றார். சேராத பிளக்கையெல்லாம் சீவியே சேர்த்துப் பழகிய கை. அம்மா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். எந்த ஓட்டைக்கு எத்தனை வோல்ட் போக வேண்டுமென்று தெரியாமல் செருகினால் போர்டும் கருகிவிடும், பிறகு கடையே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

கம்பெனிக்குப் போன் செய்தாள். அந்த மாடலை நிறுத்தியாயிற்று, பாகம் கிடையாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று இனிக்க இனிக்கச் சொன்னார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் இருபத்துநான்கு, தங்களுக்கு மட்டும் எட்டு என்று தனியாக வைத்துக்கொண்டவர்கள், அந்த எட்டையும் கைவிட்ட பிறகு வாங்கினவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்களா? அன்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை, இன்று கேட்கிறேன்.

எட்டாம் நாள், புடவையைக் கையோடு கொண்டுபோய் ‘ப்ளவுஸ் பிட்’ எடுக்கிற மாதிரி, கம்ப்யூட்டரையே அப்பாவின் வேட்டியில் மூட்டை கட்டி என் மடியில் ஏற்றிக்கொண்டு, அரியலூரில் பஸ் மாறிப் பெரம்பலூர் போனோம். முதல் இரண்டு கடைகளில் மூட்டையை அவிழ்க்கக்கூட விடவில்லை. “பிராண்டட் மெஷினா? தொட மாட்டோம்.” மூன்றாவது, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த கடை. அங்கிருந்த பாய் எட்டு ஓட்டையைப் பார்த்ததும் சிரித்தார். இருபத்துநான்கு பல்லை எட்டாக மாற்றித் தருகிற, ஒரு சாண் நீளக் கேபிள் அவரிடம் இருந்தது.

“கேபிள் தரேன்ம்மா, கியாரண்டி தர மாட்டேன். போர்டு போயிட்டா என்னைச் சொல்லக் கூடாது.”

அம்மா பழைய பெட்டியையும் கடையிலிருந்த புதிய பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பன்னிரண்டு வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறதென்று என்னை வாசிக்கச் சொன்னாள். புதியதில் குறைவில்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்ட பிறகே, “மாட்டுங்க பாய். போனா என் மெஷினுதான போவுது” என்றாள். ஸ்விட்சையும் அவளே போட்டாள். ஃபேன் சுற்றியது, பாயின் மானிட்டரில் வெளிச்சம் வந்தது, எனக்கு அழுகையும் வந்தது.

புதிய பெட்டி அகலமானது. எங்கள் ஒல்லிக் கம்ப்யூட்டருக்குள் அடங்கவில்லை. அடங்காவிட்டால் வெளியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அம்மா அதைக் கம்ப்யூட்டரின் தலைமேலேயே வைத்து, வயரைப் பக்கவாட்டில் இறக்கிவிட்டாள். பத்தாம் நாள் காலை, அறையை அளக்க டேப்பும் மச்சினனுமாக வந்த சொந்தக்காரர், மூடியில்லாமல் வயர் தொங்க ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரையும் அதன் முன்னால் காத்திருந்த ஐந்து பேரையும் பார்த்து, “என்னம்மா இது கூத்து?” என்றார்.

“ஓடுதுங்களே” என்றாள் அம்மா, தட்டுவதை நிறுத்தாமல்.

அதே கோலத்தில் அது ஆறு வருஷம் ஓடியது. இன்று அந்தக் கம்ப்யூட்டர் இல்லை, பாயின் மாடிப்படிக் கடையும் இல்லை, சாலையை அகலப்படுத்தியபோது அந்த அறையும் இடிபட்டுப் போயிற்று. அம்மா அதற்கு முன்பே எதிர்வரிசையில் தனக்கென்று கடை பார்த்து, மூன்று கம்ப்யூட்டர் போட்டுவிட்டாள். அவளுக்கு யோகம் என்கிறார்கள். யோகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

போன மாதம் நான் ஊரில் இருந்தபோது, இடிபட்ட கட்டடத்துக்கு நஷ்டஈடு கேட்டுக் கலெக்டருக்கு மனு அடிக்க வேண்டுமென்று அந்தச் சொந்தக்காரர் வந்து நின்றார். நானாக இருந்தால் முடியாதென்று திருப்பி அனுப்பியிருப்பேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“வாங்கய்யா. உங்களுக்கு முன்னாடி நாலு பேரு இருக்காங்க. அந்தப் பெஞ்சுல உக்காருங்க, கூப்பிடுறேன்.”

அவர் போய் உட்கார்ந்தார்.