எனக்குக் கூடிப்போன வயது

பள்ளிக்கூடத்தில் எப்போதும் நான்தான் வகுப்புக்கு மூத்தவள். வரவு இடாப்பில் அப்படித்தான் இருந்தது. உயரத்தில் கடைசி வாங்கில் உட்காருகிறவர்களின் தோளுக்குக்கூட வரமாட்டேன். ஆனாலும் யாராவது சண்டை பிடித்தால், யாராவது ஜன்னலை உடைத்தால், ஆசிரியை என்னைத்தான் எழுப்புவார். "நீதான எல்லாருக்கும் பெரியவ, நீ சொல்லக் கூடாதா?" எனக்கு அப்போதே மூக்குமேல் கோபம். செய்யாத குற்றத்துக்கு நின்று நின்று கால் வலித்ததுதான் மிச்சம். வகுப்பில் எல்லாருக்கும் முன்பல் விழுந்த அதே மாதங்களில்தான் எனக்கும் விழுந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

உயர்தரப் பரீட்சை முடித்த வருடம் கொட்டகலையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் தொழில் வழிகாட்டல் கருத்தரங்கு நடந்தது. தாதியர் பயிற்சி, ஆசிரியர் கல்லூரி, கணக்கியல் என்று ஒவ்வொரு மேசையிலும் கூட்டம். மூலையில் ஒரு மேசையில் மட்டும் ஆளே இல்லை. 'தடயவியல்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த கொழும்புப் பெண்மணி, ஒருத்தியாவது வந்தாளே என்று எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். கைரேகை, நஞ்சு, எலும்பு, பல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பெயர் தெரியாமல் கிடக்கும் ஒருவருக்கு வயது என்ன என்று பல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றார். "ஆள் பொய் சொல்லலாம், பத்திரம் பொய் சொல்லலாம் மகள். பல் சொல்லாது" என்று சிரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே ஆசை பிடித்துவிட்டது.

அவர் தந்த தாளில் எல்லாம் இருந்தது. இந்தியாவில் மூன்று வருடப் பட்டம், முழுப் புலமைப்பரிசில், விடுதி, பிறகு எங்கெங்கே வேலை கிடைக்கும் என்ற விவரம். நம்மைப் போன்றவர்கள் கையில் அப்படி ஒரு தாள் லேசில் வராது. ஹட்டன் வரும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே நாலு தடவை வாசித்தேன். ஐந்தாவது தடவைதான் கடைசி வரி கண்ணில் பட்டது. விண்ணப்ப முடிவுத் திகதியில் இருபத்தொரு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. எனக்கு இருபத்தொன்று முடிந்து நாலு மாதம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுச் சித்திதான் முதலில் பிடித்துக்கொண்டாள். "பொணம் அறுக்கவா இவ்வளவு படிச்ச? அதுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியிலயே ஆளுங்க இருக்காங்களே."

"அறுக்கிறது இல்ல சித்தி. எப்படி செத்தாங்கன்னு கண்டுபிடிக்கிறது."

"அது செத்தவங்களுக்கே தெரியுமே, ஒனக்கு எதுக்கு?"

உள்ளே போனேன். அம்மா மலையிலிருந்து வந்து இடுப்புச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கறை படிந்த அந்தக் கையில் தாளைத் திணித்தேன். "நாலு மாசம் கூடிப்போச்சும்மா. நாலே மாசம்."

"ஒனக்கு எங்கடி இருவத்தொன்னு? இந்த ஆடி வந்தாத்தான் பத்தொம்பது" என்றாள் அம்மா. நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. சாக்கை மடித்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள்.

கேட்டுக் கேட்டுத்தான் மீதி வந்தது. எனக்கு முன்னால் ஒருத்தி பிறந்திருக்கிறாள். அவளுக்கு அப்பா ஒழுங்காகப் பதிவு செய்து பிறப்புப் பத்திரம் எடுத்து வைத்திருந்தார். காய்ச்சலில் போய்விட்டாள். அந்தச் சாவை யாரும் போய்ப் பதியவில்லை. பிறகு நான் பிறந்தேன், அதே பெயரை எனக்கும் வைத்தார்கள். நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே கொழும்புக்கு வேலைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. என் பிறப்பைப் பதிய ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் பத்திரம் கேட்டபோது அம்மா பெட்டியிலிருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். "பேரு ஒன்னுதான... எனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கத்த முடியவில்லை.

ஐந்தாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கிற நாட்களில் அம்மா ஏன் யாரோடும் பேசமாட்டாள் என்பதும் அன்றுதான் விளங்கியது. அக்காவை அந்த மலையின் ஓரத்தில்தான் புதைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு விளக்குகூட அங்கே ஏற்றியதில்லை. ஏற்றினால் யாருக்கு என்று கேட்பார்களாம்.

அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் அவள் இருந்தாள். நம் நாட்டு அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த வருடமும் நாளும் ஒளிந்திருக்கும். என் அட்டையில் அது அவளுடைய நாள். சாதாரணதரம், உயர்தரம், விளையாட்டுச் சான்றிதழ், எல்லாம் அவள் பெயரில், அவள் பிறந்த திகதியில். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதற்கு முன்னால் ஒரு கணம் நின்றேன். அவளுக்கு இடம் விடுவதுபோல. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கினிகத்தேனைக்குப் போனேன், பிரதேச செயலகத்துக்கு. உண்மையைச் சொன்னால் எனக்கு வயது குறையும், புலமைப்பரிசில் கிடைக்கும் என்பது என் கணக்கு. பதிவாளர் வயதான சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். அம்மாவிடம் முதலில் கேட்டது, "ஒங்களுக்கு எத்தின பிள்ளைங்க?"

என் ஆயுளில் அந்தக் கேள்விக்கு அம்மா ஒரே பதில்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று, "ரெண்டுங்க" என்றாள். "இது சின்னது."

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க நங்கி." சிங்களத்தில் நங்கி என்றால் தங்கை. கடைக்காரரும் பஸ் நடத்துனரும் நங்கி, நங்கி என்று கூப்பிட்டுத்தான் நான் வளர்ந்தேன். அன்றைக்குத்தான் அது யாருக்கு என்று தெரிந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். அக்காவின் இறப்பைப் பிந்திப் பதியலாம். அதன்பின் என் பிறப்பைப் பதிய வேண்டும், வைத்தியர் உத்தேச வயது எழுதித் தர வேண்டும். மாதக்கணக்காகும். "ஆனா நங்கி, இறப்பு பதிஞ்சா அந்த ஆள் இல்ல. பரீட்சை எழுதினது யாரு? அந்த சர்ட்டிபிகேட் எல்லாம் யாருடையது? அது நீங்கதான்னு ஒவ்வொரு இடத்துக்கும் போய்க் காட்டணும்." பேனாவைத் திறந்து அம்மாவைப் பார்த்தார். "சரி. பிள்ள செத்தப்ப என்ன வயசு?"

அம்மா வாயைத் திறந்தாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் கையை நீட்டி மேசையிலிருந்த பத்திரத்தை எடுத்துக்கொண்டேன். "வேணாம் சார். நாங்க போறோம்" என்றேன்.

பதின்மூன்று வருடம் நான் படித்ததை ஒரு குழந்தையின் சாவோடு சேர்த்துப் புதைக்க எனக்கு மனம் வரவில்லை. அதுதான் உண்மை. பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஹட்டன் வந்து இறங்கும்போதுதான் பேசினாள். "சரி விடு. அவ இருந்துட்டுப் போகட்டும்."

அந்தப் புலமைப்பரிசில் போயிற்று. மறு வருடம் இன்னொன்று வந்தது, இருபத்தைந்து வயது வரை விண்ணப்பிக்கலாம். அவள் வயதில், அவள் பத்திரத்தில் விண்ணப்பித்தேன். கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி.

முதல் வருடத்திலேயே பல்லை வைத்து வயது கணிக்கும் பாடம் வந்தது. ஞானப்பல் வலிக்காக நான் எடுத்திருந்த தாடை எக்ஸ்ரேயைப் பேராசிரியர் பயிற்சிக்கு வாங்கிக்கொண்டார். அது என் அறைத்தோழிக்குப் போனது. அவள் லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தாள். ஞானப்பல்லின் வேர்நுனி இன்னும் மூடவில்லை, ஆகவே பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் என்று எழுதினாள். பேராசிரியர் பதிவேட்டில் என் வயதைப் பார்த்தார். இருபத்திரண்டு முடிந்து எட்டு மாதம். சிவப்பு மையில் தப்பு போட்டார். "எஸ்டேட் பிள்ளைங்க இல்லையா, சத்துக் குறைவு, வளர்ச்சி பின்தங்கும். அதையும் கணக்கில எடுக்கணும்" என்று வகுப்புக்கே விளக்கினார். சத்துக் குறைந்தாலும் பல் அவ்வளவு பின்தங்காது என்று எங்கள் பாடநூலிலேயே இருந்தது.

"நான் எங்கடி தப்பு பண்ணேன்?" என்று தோழி கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"தெரியல" என்றேன்.

அன்று மாலை அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, மழையா என்று கேட்டுவிட்டு, "இன்னைக்கு என்ன படிச்சுக் குடுத்தாங்க?" என்றாள். தினமும் கேட்பதுதான். நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன், "பல்லப் பாத்து வயசு சொல்றது."

சிக்னல் போய்விட்டதென்று நினைத்து, "அம்மா, கேக்குதா?" என்றேன்.

"அவளுக்குப் பல்லு மொளைச்சிருந்துச்சு" என்றாள் அம்மா. "கீழ ரெண்டு."

கீழே இரண்டு என்றால் ஏழு மாதம், மிஞ்சினால் எட்டு.