லேசரை அணைத்தாலும் நின்ற பீக்

"யாரக் கேட்டு லேசர ஆஃப் பண்ணே?"

எங்கள் பேராசிரியர் போட்ட கத்தல் கான்டீன் வரைக்கும் கேட்டிருக்கும். எதிரில் நின்றவள் தீபா, ஐந்தாம் வருட ஆராய்ச்சி மாணவி, பெங்களூரு ஈஜிபுராவில் ஒற்றை அறையில் குடியிருந்தவள். நான் அந்த லேபில் ராமன் நிறமாலைக் கருவிக்குப் பொறுப்பாளராக இருந்தேன். ஓய்வு பெற்றாயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

விஷயம் இதுதான். கீரையிலிருந்து பிரித்தெடுத்த ஒளிச்சேர்க்கைப் புரோட்டீனுக்குள் குளோரோஃபில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது தீபாவின் வேலை. லேசரை அடித்தால் சிதறி வரும் ஒளியில், குளோரோஃபில்லின் பிணைப்புகள் தங்கள் அதிர்வை ஸ்பெக்ட்ரம் கோட்டில் பீக்குகளாக, அதாவது முகடுகளாக, காட்டும். ஒருநாள் ஊசி மாதிரி ஒரு புது பீக் வந்தது. குளோரோஃபில்லும் புரோட்டீனும் கைகோத்திருக்கும் இடம் இதுதான் என்று சார் குதித்தார். மறுபடி சரிபார்க்கக்கூட விடாமல் ஒரு கருத்தரங்கத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். தீபாவின் தீசிஸிலும் அதுதான் முக்கிய அத்தியாயம் என்று அவரே முடிவு செய்தார்.

தீபாவுக்கு மனசு கேட்கவில்லை. குளோரோஃபில்லின் பீக் அவ்வளவு ஒல்லியாக வராது. லேசரை மட்டும் அணைத்துவிட்டு ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்தாள். மற்ற பீக் எல்லாம் போயிற்று, அது மட்டும் அப்படியே நின்றது. நிஜமான ராமன் பீக் என்றால் லேசரோடு போக வேண்டும். சிங்க்குக்கு மேலே எப்போதும் எரியும் பழைய டியூப் லைட்டை அணைத்தாள். அதுவும் போயிற்று. டியூப் லைட்டில் இருக்கும் பாதரசத்தின் நீல ஒளி கருவிக்குள் புகுந்திருந்தது, அவ்வளவுதான். இதைப் போய்ச் சொன்னதற்குத்தான் அந்தக் கத்தல்.

"சார், அது டியூப் லைட் சார்," என்றாள் தீபா.

"சும்னே இரும்மா. லேசர் ஆன்ல எடுத்தத மட்டும் போடு. இல்லேன்னா தீசிஸ்ல நான் சைன் பண்ண மாட்டேன்."

"பொய்ய எழுதி நான் டாக்டர் ஆகணுமா சார்?"

என்ன அக்கிரமம்! வருடக்கணக்கில் கீரையை அரைத்துக் குளிர் அறையில் விறைத்த பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது?

"சார், தீசிஸ் கமிட்டி முன்னாடியே அணைச்சுக் காட்டலாம்," என்றேன்.

"மேடம், நீங்க மெஷினப் பாருங்க. சயின்ஸ நான் பாத்துக்கறேன்."

நான் விடவில்லை. தீசிஸ் கமிட்டித் தலைவரை நேரில் போய்ப் பார்த்து, கமிட்டியை லேபுக்கே வரவழைத்தேன். தீபா லேசரை அணைத்தாள், பீக் அப்படியே நின்றது. லைட்டை அணைத்தாள், போயிற்று. தலைவர் சாரைப் பார்த்து, "ஏன்ரீ, டியூப் லைட்டுக்கா பிஎச்டி?" என்றார். அந்த பீக்கை எடுத்துவிட்டால் மற்ற வேலையே தீசிஸுக்குப் போதும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் நிறுவனத்திலேயே ஒரு செமினார். மேடையில் சார் சொல்கிறார்: "நம்ம லேப்ல நான் ஒரு ரூல் வெச்சிருக்கேன். லேசர ஆஃப் பண்ணி ஒரு ஸ்பெக்ட்ரம் எடுக்காம எந்த பீக்கையும் நம்ப மாட்டேன்."

கைதட்டல் வேறு. கடைசி வரிசையில் தீபா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று ஒன்று வேண்டாமா மனுஷனுக்கு? எழுந்து நின்றேன்.

"சார், அந்த ரூல் தீபா போட்டது. அதுக்காகத்தான் அவ தீசிஸ நிறுத்தப் பாத்தீங்க."

எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களே, லேசரை அணைத்துப் பாருங்கள். அணைத்துப் பார்த்தவள் யார் என்பதையும் எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்லுங்கள்.